நூற்றிருபது கெலாடியும் நான்கு போத்தல் தேங்காய் எண்ணெயும்

படிக்காதவன் தவறு செய்தால் "தெரியாம செஞ்சிட்டேன்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். படித்தவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் தவறு செய்தால் பக்க எண்ணோடு செய்வான். நான் செய்தது முப்பத்து நான்காம் பக்கம்.

(முப்பத்தைந்தாம் பக்கத்தை நான் படிக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு என் மேல் இருக்கும் மரியாதை போய்விடும். கொஞ்ச நேரமாவது அதை அனுபவித்துக்கொள்கிறேன்.)

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குப் பாலத்துக்குத் தூண்கள் மட்டும் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தன. தீவுக்குப் போக ஃபெரிதான். நாங்கள் பெருநிலத்துப் பக்கம், பிறையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். வீட்டில் நான்கு பேர்: அம்மா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன், அண்ணி சரோஜா, அப்புறம் நான். எனக்கு இருபத்து மூன்று வயது. விவசாயத்தில் டிப்ளோமா வாங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது மாதத்தில் நான் செய்த ஒரே விவசாயம், சாப்பாட்டுத் தட்டில் இருந்த கீரையை ஓரமாக ஒதுக்கியதுதான்.

ஆனால் பேச்சு இருந்தது. பக்கத்து வீட்டு முருங்கை பூ உதிர்த்தால் நான் வேலியோரம் நின்று காரணம் சொல்வேன். அம்மா அதைக் கேட்டுப் பூரித்துப் போவார். முருங்கை தொடர்ந்து பூ உதிர்க்கும்.

வீட்டில் உண்மையாகச் செடி வளர்த்தவர் அண்ணி. அவருக்கு வேலை பாயான் பாரு பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில். விடிவதற்கு முன் கிளம்பி, ஃபெரி ஏறி, தீவில் காத்திருக்கும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, எட்டு மணி நேரம் மைக்ரஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நகக்கண் அளவு சில்லில் ஒட்டுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் யாரிடமும் பேசமாட்டார். ஈரத் துணியைக் கண் மேல் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்திருப்பார். பிறகு எழுந்து நேராகக் கொல்லைக்குப் போய்விடுவார்.

கொல்லையில் பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி நிழல் செய்து, அதன் கீழே கெலாடி வளர்த்தார். நம் சேம்புக்குச் சொந்தக்காரச் செடி. ஆனால் சமையலுக்கு ஆகாது, பார்க்கத்தான். இதயம் போன்ற அகல இலை, சிலதில் ரத்தச் சிவப்பு நரம்பு, சிலதில் வெள்ளைத் தாளில் பச்சை மை தெளித்த மாதிரிப் புள்ளி. இரண்டு தொட்டியில் தொடங்கி, கிழங்கைப் பிரித்துப் பிரித்து நட்டு, இரண்டு வருடத்தில் நூற்றிருபது தொட்டி ஆக்கியிருந்தார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பெரிய கடையில் அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. நான்கு மாடிக் கடை, மாடிக்கு மாடி ஏர்கோன். மேனேஜர் மிஸ்டர் லிம். அண்ணி வேலை முடிந்து ஃபெரிக்குப் போகும் வழியில் இரண்டு தொட்டிகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு மாதம் கழித்தும் அவை தலை நிமிர்ந்து நின்றதைப் பார்த்து மனிதர் அசந்துபோனார். சீனப் பெருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை நூற்றிருபது தொட்டியையும் கொண்டுவரச் சொன்னார். ஒரு வாரம் வாடாமல் நின்றால் மாதா மாதம் எடுப்பதாகப் பேச்சு.

"மாசா மாசம் எடுத்தாருன்னா நான் அந்த மைக்ரஸ்கோப்ப விட்டுருவேன் தம்பி" என்றார் அண்ணி. "டாக்டர் சொல்லிட்டாரு, இன்னும் ரெண்டு மூணு வருஷம் பாத்தா கண்ணு போயிரும்னு. செடி மட்டும் நின்னுச்சின்னா போதும்."

ஒரே ஒரு சிக்கல். பெருநாளுக்கு முன்னால் ஃபேக்டரியில் ஆர்டர் குவிந்துகிடந்தது, யாருக்கும் லீவு கிடையாது. அண்ணனுக்கும் சனிக்கிழமை வேலை. மிச்சமிருந்தது நான், டிப்ளோமாவோடு.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி என்னை உட்கார வைத்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டிக்கு அடியில் வழிகிற வரைக்கும் தண்ணீர். சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு செடியையும் ஈர நியூஸ்பேப்பரில் கூம்பாகச் சுற்ற வேண்டும். லாரித் தரையில் நனைத்த சாக்கு. வெயில் ஏறுவதற்குள் அக்கரை போய்விட வேண்டும். கடையில் வாசல் பக்கம் இடம் பேசியாகிவிட்டது, அங்கேதான் வைக்க வேண்டும். ஏர்கோன் காற்று அடிக்கிற இடத்தில் கூடாது. தட்டில் ஈர மணல் பரப்பி அதன் மேல் தொட்டி.

"இவ்ளோதான். புரிஞ்சிச்சா?"

"அண்ணி, நான் இதுல டிப்ளோமா."

"தெரியும் தம்பி. அதனாலதான் எழுதிக் குடுக்குறேன்."

(அந்த வாக்கியத்தில் இருந்த ஊசி எனக்கு உறைக்க நாற்பது வருடம் ஆனது.)

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மனதுக்குள் எனக்கு வருத்தம். ஒரு டிப்ளோமாக்காரனை உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்று, சாக்கை நனை என்று சொல்கிறாரே, இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?

விஞ்ஞானம் என்னிடம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜார்ஜ்டவுன் நூலகத்தில் ஓர் ஆங்கில விவசாயப் பத்திரிகையைப் புரட்டியிருந்தேன். அலங்காரச் செடிகளைத் தூர ஊருக்கு அனுப்புவது எப்படி என்று ஒரு கட்டுரை. வண்டியில் போகும்போது இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், வேரால் ஈடுகொடுக்க முடியாது, செடி தவித்துப் போகும். இலை மேல் மெல்லிய மெழுகோ எண்ணெயோ படலமாகப் பூசினால் இந்த இழப்பு குறையும். இவ்வளவும் முப்பத்து நான்காம் பக்கம். பக்கம் முடிந்தபோது நூலகத்தில் மணி அடித்துவிட்டார்கள். நானும் விஷயம் முடிந்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் நீர்க்குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு செடிகள் முன்னால் நின்று யோசித்தேன். அப்படி யோசித்திருக்கவே கூடாது. இலையில் ஓட்டை இருக்கிறது. அதை நாளைக்கு நாம் அடைக்கப் போகிறோம். ஓட்டையை அடைத்த பிறகு தொட்டியை எதற்கு நிரப்ப வேண்டும்? வீண் பாரம். லாரிக்கும் சிரமம். குழாயை மூடிவிட்டு வந்து டிவி பார்த்தேன்.

அண்ணி அன்று ஓவர்டைம் முடித்துத் தள்ளாடி வந்தார். "தண்ணி பாத்துக்கிட்டியா தம்பி?" என்று கேட்டார். "எல்லாம் பாத்துக்கிட்டேன் அண்ணி" என்றேன். ஊற்றினேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். (நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.)

சனிக்கிழமை காலை அண்ணனும் அண்ணியும் போன பிறகு, "அம்மா, தேங்காய் எண்ணெய் எங்கே?" என்று கேட்டேன்.

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி என்று பதினைந்து வருடமாகக் கத்தியும் நான் கேட்டதில்லை. நான்கு போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "நல்லா ஊற வையி" என்றார். நான் போத்தலோடு கொல்லைக்குப் போனதும் பின்னாலேயே வந்தார். விஷயத்தை விளக்கினேன். அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை.

"சரிதானேப்பா. மனுசனுக்கே எண்ணெ வச்சா சூடு தணியுது, செடிக்குத் தணியாதா? எதிர் வெயில்ல போவப் போவுதுங்க, பாவம்."

முப்பத்து நான்காம் பக்கமும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் ஒரே கருத்தைச் சொன்ன அந்த நிமிடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேற்கும் கிழக்கும் ஒத்துக்கொண்ட பிறகு மறுப்பதற்கு நான் யார்?

இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம். சும்மா பூசவில்லை. உள்ளங்கையில் ஊற்றி, சூடு பறக்கத் தேய்த்து, இலையின் மேலும் கீழும் நரம்பு நரம்பாக நீவிவிட்டோம். அம்மா ஒவ்வொரு செடியையும் முடித்ததும், பிள்ளையின் உச்சந்தலையில் தட்டுவது போல ஒரு தட்டுத் தட்டி அடுத்ததற்குப் போனார். வேலியோரம் வந்த பக்கத்து வீட்டு அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னா, கெலாடிக்குத் தீபாவளியா?" என்று கேட்டார். அம்மா, "படிச்ச புள்ள செய்யுது, ஒனக்கு என்னா தெரியும்?" என்று மடக்கிவிட்டார்.

ஒரு செடிக்கு ஐந்தாறு இலை. நூற்றிருபது செடி. கணக்கில் கெட்டிக்காரர்களுக்கு விளங்கும், எனக்கு அன்று விளங்கவில்லை. காலை ஆறரைக்கு வந்து வாசலில் நின்ற லாரி, பதினொன்றரைக்குத்தான் நகர்ந்தது.

லாரி காதர் பாயுடையது. பிறை ஆலைகளுக்குச் சாமான் ஏற்றுபவர், அண்ணிக்கு நல்ல பழக்கம். ஐந்து மணி நேரம் பொறுமையாக சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர், தொட்டிகளை ஏற்றும்போது மட்டும் கேட்டார்: "தம்பி, ஈரச் சாக்கு போடணும்னு அக்கா சொன்னுச்சே?"

"வேணாம் பாய். எலய எல்லாம் சீல் பண்ணியாச்சி."

"சீலா?"

"உள்ள இருக்கிற தண்ணி வெளிய வராது."

"உள்ள தண்ணி இருக்கா லா?" என்றார் காதர் பாய், ஒரு தொட்டியைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டே. செடியைப் பற்றி ஒன்றும் தெரியாத லாரிக்காரர் அந்த ஒரு கேள்வியில் என் டிப்ளோமா முழுவதையும் தொட்டுவிட்டார். நான் அவருக்கு ஆவியாதல் பற்றி விளக்கம் கொடுத்தேன். அவர் கறுப்புத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக் கட்டினார்.

பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு வரிசை. பெருநாளுக்கு ஊர் திரும்பும் கார்கள் அரை மைலுக்கு நின்றன. உச்சி வெயில். பினாங்கில் அந்த மாதம் மழையே எட்டிப் பார்க்காது. தார் ரோடு கொதித்தது. லாரிக்குள் உட்கார முடியாமல் நான் இறங்கி, ஒரு கடை நிழலில் நின்று இரண்டு பாக்கெட் கரும்புச் சாறு வாங்கிக் குடித்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. முதல் நாள் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாத நூற்றிருபது உயிர்களைக் கறுப்புத் தார்ப்பாய்க்குள் வைத்துக் கட்டிவிட்டு, எனக்குத் தாகம் என்று இரண்டாவது பாக்கெட் கேட்டு வாங்கினேன். ஐஸ் கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன்.

கடைக்குப் பின்னால் சாமான் இறக்கும் இடத்தில் காதர் பாய் தார்ப்பாயை அவிழ்த்தார். உள்ளிருந்து வந்த காற்றில் சமையல் வாசம். இருவரும் கொஞ்சம் பின்வாங்கினோம்.

"தம்பி" என்றார் காதர் பாய் மெதுவாக. "தாளிச்சிட்டியே."

இலைகளில் எண்ணெய் தங்கிய இடமெல்லாம் வடைக் கடைத் தாள் மாதிரி கறுத்து ஊடுருவித் தெரிந்தது. காம்புகள் வளைந்திருந்தன. அப்போதாவது நான் அண்ணியின் தாளை எடுத்துப் பார்த்திருக்கலாம். சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் என் மூளை வேறொன்று சொன்னது: செடிக்குச் சூடு ஏறிவிட்டது, உடனே குளிர்ச்சி வேண்டும்.

கடைக்குள் போய் எங்கே நன்றாகக் குளிர்கிறது என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில், கூரையில் பெரிய ஏர்கோன் வாய் ஒன்று ஹோவென்று ஊதிக்கொண்டிருந்தது. சொர்க்கம். மிஸ்டர் லிம் வாசல் பக்கத்தைக் காட்டினார். நான் முடியாது என்றேன்.

"நீ எக்ஸ்பர்ட்டா?" என்று கேட்டார்.

"விவசாய டிப்ளோமா" என்றேன். அவர் உடனே ஒதுங்கிக்கொண்டார். படிப்பை மதிக்கிற மனிதர்.

ஈரத் துணி சீக்கிரம் காய வேண்டுமென்றால் எங்கே போடுவோம்? காற்று அடிக்கிற இடத்தில். அம்மாவுக்குத் தெரியும், காதர் பாய்க்குத் தெரியும், துணி காயப் போடுகிற எல்லாருக்கும் தெரியும். நான் தவித்துப்போன செடிகளைக் கொண்டுபோய் அந்தக் காற்றின் வாய்க்கு நேராக வரிசை வரிசையாக அடுக்கி, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் முன்வரிசை படுத்தது. இரண்டு மணி நேரத்தில் பின்வரிசையும் படுத்தது. கூரையில் கட்டியிருந்த பெருநாள் தோரணத்திலிருந்து தங்கத் தூளும் சிவப்புக் காகிதத் துணுக்கும் காற்றில் பறந்து வந்து எண்ணெய் இலையில் ஒட்டிக்கொண்டன. பட்டு மேல்சட்டை போட்டிருந்த ஒரு சீன அம்மாள் கிட்டே வந்து ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தார். இலை கையோடு வந்துவிட்டது. கையில் எண்ணெய், கையிலிருந்து சட்டையில் எண்ணெய். அவர் விரலை மோந்து பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "சூடா மாத்தி லா!"

செத்துப் போச்சு என்று அர்த்தம். பெருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, வருடம் பிறக்கப்போகிற நேரத்தில், வீட்டுக்கு நல்லது வரவேண்டுமென்று செடி வாங்க வந்தவர்கள் காதில் அந்தச் சொல் விழுந்தது. வந்தவர்கள் எல்லாம் எஸ்கலேட்டருக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். மிஸ்டர் லிம் ஓடிவந்தார். என்னைத் திட்டினாலாவது தாங்கியிருப்பேன். அவர் செடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரோஜா எப்ப வருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணி நான்கு மணிக்கு வந்தார். கம்பெனி பஸ் ஜெட்டிக்குப் போகிற வழியிலேயே இறங்கி, நடந்து வந்திருக்கிறார். ஃபேக்டரியின் நீல மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. வாசலுக்குள் நுழைந்ததும் பேசிவைத்த இடத்தைப் பார்த்தார், அங்கே பிஸ்கட் டின்கள் இருந்தன. ஒருவேளை எல்லாம் விற்றுவிட்டதோ என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் என்னைத் தேடிக்கொண்டு எஸ்கலேட்டர் பக்கம் வந்தார். அதை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ அவமானம் பட்டிருக்கிறேன். இதற்குக் கிட்டே எதுவும் வந்ததில்லை.

அவர் குனிந்தார். படுத்துக்கிடந்த ஓர் இலையை இரண்டு விரலால் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காண்ணெயா?"

"ஆமா அண்ணி."

"எத்தன போத்தல்?"

"நாலு."

மண்ணில் விரலை அழுத்திப் பார்த்தார். மண் பாறையாக இருந்தது.

"தண்ணி ஊத்துனியா தம்பி?"

நான் எஸ்கலேட்டரைப் பார்த்தேன்.

"நேத்து சாயந்திரம். தண்ணி. ஊத்துனியா?"

"இல்ல அண்ணி."

அவர் எழுந்து, கையைத் துடைப்பதற்காகக் கைப்பையைத் திறந்தார். கைக்குட்டைக்குப் பதிலாக ஓர் உறை கையில் வந்தது. பார்க்காமலே அதில் விரலைத் துடைத்தார். மெல்லிய வெள்ளை உறை. எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே டைப் அடித்திருந்தது வெளியே தெரிந்தது. ஆங்கிலத்தில் ஃபேக்டரி மேனேஜருக்கு எழுதியது. வேலையிலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேட்கும் கடிதம், அந்த ஒரு வாரம் கழிந்து வரும் திங்கட்கிழமை தேதி போட்டு. நான் படித்ததை அண்ணி பார்த்துவிட்டார். உறையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துப் பூட்டினார்.

பிறகு மிஸ்டர் லிம்மிடம் போய் நின்றார். நான் இரண்டடி பின்னால் நின்றேன்.

"என் தப்பு மிஸ்டர் லிம்" என்று மலாயில் சொன்னார். "தண்ணி அளவு நான்தான் பிசகாச் சொல்லிட்டேன். இவன் என் வீட்டுக்காரரோட தம்பி. நான் சொன்னதத்தான் செஞ்சான்."

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். முன்னால் போய், "இல்லை, தப்பு என்னுடையது" என்பான். நான் செய்யவில்லை. மிஸ்டர் லிம்மிடம் டிப்ளோமா என்று சொல்லியிருந்தேனே, அது போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். எண்ணெய் தடவியதைக்கூட அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு எந்தப் பக்க எண்ணும் கிடையாது.

மிஸ்டர் லிம் மரியாதையாகத்தான் பேசினார். பெருநாள் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் 'பிறகு' வராது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

காதர் பாய் திரும்பி வந்து தொட்டிகளை ஏற்றிக்கொண்டார். இந்த முறை அவர் ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. கடையின் பின்பக்கக் குழாயில் சாக்கை நனைத்து, தானாகவே லாரித் தரையில் விரித்தார். ஃபெரியில் அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "பசியாறுனியா தம்பி?" என்று கேட்டார். கரும்புச் சாறு குடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் அண்ணி கத்தரிக்கோலை எடுத்து எல்லா இலையையும் வெட்டினார். நூற்றிருபது தொட்டியும் தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. அம்மா குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அண்ணன், கொல்லையை எட்டிப் பார்த்து, நான்கு காலி போத்தல்களையும் பார்த்து, நடந்ததைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "டேய், சீயக்காயாவது போட்டியா?" என்றார். அண்ணிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஓடும் பகடி பிறந்தது அப்போதுதான்.

அடுத்த வாரம் நூலகத்துக்குப் போய் அந்தப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். முப்பத்தைந்தாம் பக்கத்தின் முதல் பத்தியில் இருந்தது இதுதான்: இதற்கென்று விற்கும் திரவத்தைப் பல மடங்கு தண்ணீரில் கலந்து மிக மெல்லிய பனிப்படலமாகத் தெளிக்க வேண்டும். வீட்டு எண்ணெயை அப்படியே பூசினால் இலை மூச்சுத் திணறிச் செத்துவிடும். எதற்கும் முன்னால் செடிக்கு வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், காற்று அடிக்கக் கூடாது. மொத்தத்தில் அண்ணி நாள்காட்டித் தாளில் எழுதிக் கொடுத்ததை யாரோ ஒரு வெள்ளைக்காரர் மூன்று பத்தியில் எழுதியிருந்தார்.

இரண்டு மாதத்தில் கிழங்குகள் எல்லாம் மறுபடி முளைவிட்டன. செடிகள் என்னை மன்னித்துவிட்டன. ஆனால் அதற்குள் அந்தக் கடையின் வாசலில் கேமரன் மலையிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய பூச்செடிகள் இடம்பிடித்திருந்தன. எனக்கு ஓர் உரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. செடியையே பார்க்கத் தேவையில்லாத பிரிவு.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கு நலுங்கு வைத்தாலும் நான் ஒரு காட்சிப் பொருள். அருகம்புல்லும் எண்ணெய்க் கிண்ணமும் கை மாறிக்கொண்டே வரும். என்னிடம் வந்ததும் யாராவது வெடுக்கென்று பிடுங்கிவிடுவார்கள். "ஐயோ, அவர்ட்ட குடுக்காதீங்க, மாப்ள வாடிருவாரு!" மண்டபம் சிரிக்கும். என் கல்யாணத்துக்கே, அண்ணி கிண்ணத்தை எடுத்து ஒரே ஒரு சொட்டை என் உச்சியில் வைத்துவிட்டு, "இதுக்கு மேல வச்சா மூச்சு முட்டும்" என்றார். பெண் வீட்டார் விளக்கம் கேட்டார்கள். அண்ணன் நடித்தே காட்டினார். அன்று அண்ணிக்கு ஒரு நாள்தான் லீவு. மறுநாள் விடிவதற்கு முன் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

போன வருடம் என் மகளுக்கு நலுங்கு. அண்ணி இப்போது தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார், அப்படியும் ஆள் கிட்டே வந்தால்தான் அடையாளம் தெரிகிறது. அவரே கதையைச் சொன்னார், அவரைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது. வடைக் கடைத் தாள், தங்கத் தூள், 'எத்தன போத்தல்' எல்லாம் முறையாக வந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பறம் அந்தச் செடியெல்லாம் என்னாச்சி பெரிம்மா?"

"தளுத்துருச்சி லா" என்றார் அண்ணி. "ஒன்னு விடாம எல்லாம் தளுத்துருச்சி."

அதோடு கதையை முடித்துக்கொண்டார். அவர் எப்போதும் அந்த இடத்தில்தான் முடிப்பார். அதற்குப் பிறகு எத்தனை வருடம் அவர் அந்த மைக்ரஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார் என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்றுதான் ஒவ்வொரு முறையும் எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரிக்கிறேன். ஆறு வருடம்.